கருத்தக்கண்ணன் அண்ணனின் மூன்று கிட்டார்கள்

கிட்டாருக்குக் கம்பி மாற்றும்போது ஆறையும் ஒரேயடியாகக் கழற்றிவிடக் கூடாது, ஐயா. ஒன்றைக் கழற்றி, புதுசு போட்டு, சுருதிக்கு ஏற்றிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். உங்கள் ஸ்டேஷனில் இருக்கிற மூன்று கிட்டார்களில் கறுப்புப் பையில் இருப்பதற்கு இந்நேரம் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். சாட்சிப் பொருள் என்று சொல்லி மூலையில் சாத்தி வைத்திருக்கிறார்கள். படுக்கப் போடச் சொல்லுங்கள். ஜன்னல் வெயில் படாமல் இருந்தால் நல்லது.

நேற்று உங்கள் ரைட்டர் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் 'இசைக் கருவிகள் மூன்று' என்று மொட்டையாக இருந்தது. 'முன்விரோதம் காரணமாக' என்றும் இருந்தது. இரண்டும் சரியில்லை. எனக்கும் கருத்தக்கண்ணன் அண்ணனுக்கும் பதினோரு வருசத்தில் ஒருநாள்கூட விரோதம் வந்ததில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு யாரோ எழுதினால் இப்படித்தான் இருக்கும். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டேன். கேட்டதும் கொடுத்தீர்கள். நன்றி.

என் பெயர் ஜெபமணி. வயது நாற்பத்தொன்று. தேனி பங்களாமேட்டில் அப்பா வைத்திருந்த மைக்செட் கடையை இப்போது நான் பார்க்கிறேன். எனக்குப் பாட்டு வராது. சின்ன வயதில் சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்க வைத்து, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே இறக்கிவிட்டார்கள். ஆனால் எனக்குக் காது உண்டு. பக்கத்துத் தெரு மாவு மில்லில் பெல்ட் தளர்ந்தால் கடையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நம் தொழிலுக்கு அதுதான் முதல்.

அண்ணனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருசநாட்டுக்காரர். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறிப் போன வயதில், அங்கே ஒரு மலையாளி சூப்பர்வைசரிடம் கிட்டார் கற்றுக்கொண்டார். வேலையை விட்டு இறங்கும்போது அந்தக் கிட்டாரையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நடவுப் பாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி எல்லாவற்றையும் அதில் வைத்துப் பாடுவார். கிட்டாரில் ஒப்பாரியா என்று கேலி பேசியவர்கள், பாட்டு முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். நானும் சிந்தியிருக்கிறேன்.

மலையாளி கொடுத்த அந்தக் கிட்டார்தான் பழசு. ஓட்டைக்குக் கீழே வெடிப்பு விட்டிருந்தது, நான் பசை போட்டு ஒட்டினேன். அதற்கு மைக் வைத்துத்தான் எடுக்க வேண்டும், ஒயர் சொருகும் இடம் கிடையாது. ஒப்பாரிக்கு அதுதான். கறுப்பு, மேடைக்கென்றே வாங்கியது. ஒயர் சொருகினால் போதும், எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் கேட்கும். மூன்றாவது பன்னிரண்டு கம்பி வைத்தது. கும்மிப் பாட்டுக்கு அதை எடுத்தால் கூட்டம் தானாக எழுந்துகொள்ளும். அண்ணனுக்கு வேர்வை உப்பு அதிகம். இரண்டு கச்சேரியில் கம்பி துரு ஏறிவிடும். ஆகையால் ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் நான் இருபத்துநான்கு கம்பியைத் துடைப்பேன், நான்கைந்தை மாற்றுவேன். கும்பாபிஷேகம், கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் சரி, மூன்றையும் சுருதி சேர்த்து வைப்பது நான்தான். என்னைத் தவிர அதை யாரும் தொட்டதில்லை. அண்ணன் மனைவி மகாலட்சுமி மதினிகூடத் தொட மாட்டார்.

நான் கைநீட்டுகிற ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை, சின்னமனூரைத் தாண்டி ஒரு ஊர்த் திருவிழாவில், குடித்துவிட்டு ஒருவன் மேடையேறி வந்து கறுப்புக் கிட்டாரின் கழுத்தைப் பிடித்து இழுத்தான். மைக் ஸ்டாண்டுக்கு அடியில் வட்டமாக ஓர் இரும்புத் தகடு இருக்கும், ஏழெட்டுக் கிலோ வரும். அதைக் கழற்றி அவன் தோளில் மூன்று முறை போட்டேன். முதல் அடியில் பிடியை விட்டான். இரண்டாவதில் காறை எலும்பு போயிற்று, சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது அடி தேவையில்லாதது, ஒப்புக்கொள்கிறேன். அவன் கீழே கிடந்தபோது கிட்டார் கழுத்தைப் பார்த்தேன். கோணவில்லை. அன்றைக்கு அண்ணன் மைக்கில் என்னைக் காட்டி, 'இவென் எனக்குத் தம்பி. கூடப் பொறக்கல, அம்புட்டுத்தேன்' என்று சொன்னார். நான்காயிரம் பேர் கை தட்டினார்கள். என்னைப் பார்த்து யாரும் கை தட்டியது அதுவரை கிடையாது.

இனி காது விசயத்துக்கு வருகிறேன். அதைத்தான் நீங்கள் திருப்பித் திருப்பிக் கேட்டீர்கள்.

அண்ணனுக்குப் பின்னால் தவில் ஒன்று, உறுமி ஒன்று, பறை நான்கு நிற்கும். அத்தனைக்கும் நடுவில் கிட்டார் வாசிக்கிறவருக்குத் தன் கம்பிச் சத்தம் தனக்கே கேட்காது. காலடியில் ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் பார்த்தோம், ஊளையிட்டது. பிறகு காதுக்குள் வைக்கிற கருவியை நான் மதுரையில் சொல்லி வாங்கிவந்தேன். இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளும். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. எல்லாச் சத்தத்தையும் கலக்குகிற என் மிக்சரில் இருந்து நான் எதை அனுப்புகிறேனோ அது மட்டும்தான் உள்ளே போகும். போதவில்லை என்றால் அண்ணன் கட்டை விரலை மேலே காட்டுவார். நான் கூட்டுவேன். எங்கள் தொழிலில் எங்கும் உள்ள வழக்கம் இது. கேட்டால் கொடுக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

சத்தம் ஓர் அளவுக்கு மேல் காதுக்குள் போகாமல் இருக்க மிக்சரிலேயே ஒரு பூட்டு உண்டு. லிமிட்டர் என்போம். பொறுப்புள்ளவன் எவனும் அதைப் போடாமல் பாட்டுக்காரன் காதில் கருவியை மாட்ட மாட்டான். நானும் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

போன வருச மாசியில் மலேசியாவில் இருந்து அழைப்பு வந்தது. தமிழ்ச் சங்கம் ஒன்று, பத்து ஊர், பத்துக் கச்சேரி. படித்த சவுண்ட் இன்ஜினியர் ஒருவர் கூட வர வேண்டும் என்று கண்டிசன் போட்டிருந்தார்கள். எனக்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது, படிப்பும் கிடையாது. அண்ணன் பேச்சுவாக்கில் சொல்வதைப் போலத்தான் சொன்னார். 'நீ இங்கன கடையப் பாத்துக்கடா, ஒரு மாசந்தானே' என்றார். நான் சரி என்றேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். எவனோ ஒருவன் பன்னிரண்டு கம்பியைத் துடைப்பான் என்கிற நினைப்பு போகவே இல்லை.

அதற்கடுத்த வாரம் கம்பத்தில் வியாபாரிகள் ஆண்டுவிழா. ஜெனரேட்டர் ஒரு தடவை இருமியது. மிக்சர் அணைந்து தானாக எரிந்தது. எரிந்தபோது பூட்டு விழவில்லை, நான் கவனிக்கவில்லை. அது சத்தியமாக என் தவறு, வேண்டுமென்று செய்ததல்ல. பழைய கிட்டாரின் மைக், ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்ந்து ஊளையிட, அந்த ஊளை முழுசாக அண்ணன் காதுக்குள் போனது. அவர் முழங்காலில் விழுந்தார். கருவியைப் பிடுங்கி எறிந்தார். இடது காதில் இருந்து ஒரு சொட்டு ரத்தம் கழுத்துவரை இறங்கியிருந்தது.

இரண்டு நாள் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். யார் பேசினாலும் என் முகத்தைப் பார்ப்பார், நான் வாயசைத்துச் சொல்வேன். கிட்டாரை எடுத்து வாசித்துவிட்டு, சரியா இருக்கா என்று கண்ணால் கேட்பார். நான் தலையாட்டினால்தான் அடுத்த வரிக்குப் போவார். மூன்றாம் நாள் காலையில் காது திரும்பிவிட்டது. ஆனால் பயம் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, 'மலேசியாவெல்லாம் வேணாண்டா. நீ இல்லாம எனக்குக் காது இல்ல' என்றார். கண் கலங்கிவிட்டது எனக்கு.

அந்தப் பூட்டை நான் திரும்பப் போடவில்லை.

அடுத்த கச்சேரியில் மறந்துவிட்டேன். அதற்கடுத்ததில் ஞாபகம் வந்தது, போடலாம் என்று கை போனது, போடவில்லை. இதில் நான் எதையும் மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு புள்ளி கூட்டினேன். காதுக்குப் பழகிவிடும், கூடியதே தெரியாது. கொஞ்ச நாளில் அவரே கட்டை விரலைக் காட்டத் தொடங்கிவிட்டார். அவர் கேட்டதற்குத்தான் கொடுத்தேன் என்று நான் சொன்னால், அது பொய்யாகாது.

மிக்சரில் சோதனைக்கென்று ஒரு விசில் சத்தம் உண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் அதை அவர் காதுக்கு மட்டும் திருப்பிவிடலாம். கூட்டத்துக்குக் கேட்காது, தவில்காரருக்கும் கேட்காது. அதை ஒரு விநாடி வைப்பேன். அண்ணன் கண்ணை இறுக மூடி முகத்தைச் சுளிப்பார். பாட்டில் உருகுகிறார் என்று ஜனம் கை தட்டும். அதற்குப் பிறகு இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். இதை மாதம் ஒரு தடவைக்கு மேல் நான் செய்ததில்லை. பதினான்கு மாதம். நீங்களே கணக்குப் பாருங்கள், ஒரு நிமிசம்கூட வராது.

மகாலட்சுமி மதினி போன் செய்தார். அழுதுகொண்டே பேசினார். 'தம்பி, காதுக்குள்ள வண்டு கத்துதுன்னு சொல்றாக. தலையச் செவத்துல முட்டுறாக. நேத்துச் சீப்பு முனைய விட்டுக் கிண்டி ரெத்தம் வந்துருச்சு' என்றார். உடம்புச் சூடாக இருக்கும், நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள் என்றேன். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார். காது டாக்டரிடம் போனது வெளியே தெரிந்தால் பாட்டுக்காரருக்குப் பேர் கெட்டுவிடும், ஒருத்தன் கூப்பிட மாட்டான் என்றேன். நான் சொன்னால் மதினி கேட்பார். போய்ப் பார்த்து, கிண்டிய காதில் பஞ்சு வைத்துவிட்டு வந்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவர் குழந்தையைப் போல என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டார்.

இடையில் ஒருநாள், நான் கடையில் இருந்த நேரம், அண்ணன் தானே மூன்று கிட்டாருக்கும் சுருதி சேர்த்து வைத்திருந்தார். சுருதி காட்டுகிற கருவியில் முள்ளைப் பார்த்துச் சேர்த்திருக்கிறார். அட்சரம் பிசகாமல் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அவர் கை கழுவப் போனபோது ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பியைக் கொஞ்சம் இறக்கினேன். வந்து வாசித்தவர் தவில்காரரின் முகத்தைப் பார்த்தார், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நேரம் தன் கைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் தானாகச் சுருதி சேர்க்கவில்லை. அதுவும் ஒரு வகையில் அவர் நன்மைக்குத்தான். மேடையில் போய் அசிங்கப்படுவதற்கு வீட்டிலேயே தெரிந்துகொள்வது மேல்.

அனுஷ்கா இதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. போடிக்காரப் பெண், சென்னையில் சவுண்ட் படித்தது. மலேசியாக்காரர்கள் விடவில்லை, தேதியைத் தள்ளி வைத்து இந்தப் பெண்ணையும் அனுப்பிவிட்டார்கள். குறை சொல்ல முடியாது. என்னை அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிட்டது. ஒயரைச் சுருட்டுகிற விதத்திலேயே தொழில் தெரிந்த கை என்று கண்டுகொண்டேன். வந்த இரண்டாம் நாளே அண்ணனிடம் எழுதிக் காட்டிக் கேட்டது, காதை எப்போது கடைசியாகப் பரிசோதித்தீர்கள் என்று.

பாஸ் பெட்டி நாற்பது கிலோ. வண்டியில் இருந்து இறக்கும்போது ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் நான். கைப்பிடிக்கும் தளத்துக்கும் நடுவில் அதன் விரல் இருந்தது எனக்குத் தெரியும். விட்டுவிட்டேன். வலது கையில் இரண்டு விரல் நசுங்கியது, ஒன்றின் நுனியை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தேன், உரித்தும் கொடுத்தேன். இனி போடிக்குப் போய்விடும் என்று நினைத்தேன். பத்தே நாளில் கட்டோடு திரும்பி வந்து நின்றது. விரல் போனாலும் காது இருக்கிறதே அண்ணே என்று சிரித்தது.

அதுதான் அண்ணனை மதுரைக்கு அழைத்துக்கொண்டு போனது. டாக்டர் கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். இரண்டு காதிலும் நரம்பு செத்துப்போயிற்று, முக்கால்வாசி இனி வராது, வெடி போடுகிற குவாரிக்காரனுக்குத்தான் இப்படிப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னாராம். அனுஷ்காவுக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் மிக்சரில் ஒவ்வொரு கச்சேரியின் அமைப்பும் தேதி போட்டுப் பதிவாகி இருக்கும். எந்த ஊர், எந்தக் காதுக்கு எவ்வளவு, பூட்டு உண்டா இல்லையா, எல்லாம். அதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறது. பதினான்கு மாதமும் வரிசையாக இருந்தது. விசிலுக்கென்று நான் தனிப் பட்டன் ஒதுக்கி, அண்ணன் பேரே போட்டு வைத்திருந்தேன்.

ஏன் அதையெல்லாம் அழிக்கவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். சிரித்துக்கொண்டு கேட்டீர்கள், எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒழுங்காகத் தொழில் செய்கிறவன் கச்சேரிப் பதிவை அழிக்க மாட்டான், ஐயா. அடுத்த தடவை அதே ஊருக்குப் போனால் அதை வைத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு நாளும் எல்லாம் முடிந்து, 'சேமி' என்பதை அழுத்திவிட்டுத்தான் நான் சாப்பிடவே போவேன். அழிக்கலாம் என்கிற எண்ணமே எனக்கு வரவில்லை.

போன புதன்கிழமை கடமலைக்குண்டில் கச்சேரி. மாலை ஆறு மணிக்குத் தொடக்கம். பகல் ஒரு மணிக்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். மேடை என்றால் பந்தல் மேடை இல்லை, சிமெண்டில் கட்டிய நிரந்தர மேடை, என் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வரும். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டிக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். காதோடு காதாகப் பேசுவதாகத்தான் அவருக்கு நினைப்பு. காது கேட்காதவர்களுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிசு என்று தெரியாது. வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

'ஏலே ஜெபமணி, அந்தப் புள்ள எல்லாத்தையும் காட்டிருச்சு' என்றார். 'போலீசுக்குப் போக மாட்டேன். மகாலட்சுமிட்டயும் சொல்ல மாட்டேன், அவ தாங்க மாட்டா. இந்த ஒரு கச்சேரி சாமானை எறக்கி வச்சுட்டுப் போயிரு. இனிமே எங் கண்ணுல படாத. கிட்டாரத் தொடாத. நானே மாட்டிக்கிர்றேன்.'

இவ்வளவையும் அவர் ரகசியமாகச் சொல்கிற முகத்தோடு, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அவர் அடித்திருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். பதினோரு வருசம் தம்பி என்றவர் கடமலைக்குண்டுச் சந்தைக்கூட்டத்துக்கு நடுவில், கிட்டாரத் தொடாத என்றார். முகத்தில் காறித் துப்பிய மாதிரி இருந்தது. நான் வாயசைத்து, சரிண்ணே என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டரை மணிக்கு மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அனுஷ்கா தூரத்தில் மிக்சர் மேசையில் நின்றது. வண்டியைப் பின்னால் எடுத்து மேடையோடு ஒட்டினால்தான் பாஸ் பெட்டியைத் தூக்காமல் தள்ளி ஏற்றலாம். அது வேலை, அதைத்தான் நான் செய்தேன். அண்ணன் மேடையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி, தரையில் நின்றார். கறுப்புக் கிட்டாரை மேடை மேல் கிடத்தி வைத்திருந்தார், வார் மட்டும் அவர் தோளில் மாட்டியபடி இருந்தது. ஒயரைத் தானே சொருகப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பான பக்கம் பிடித்திருந்தார்.

நான் ஹார்ன் அடித்தேன். மூன்று முறை அடித்தேன், டீக்கடைக்காரர் சாட்சி. ரிவர்ஸ் போட்டால் கீ கீ என்று கத்துகிற பஸ்ஸரும் என் வண்டியில் வேலை செய்கிறது, சோதித்துப் பாருங்கள். சட்டப்படி ஓட்டுநர் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் கிளட்சை விட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. பின்பலகை அவர் தொடையின் பின்பக்கத்தில் இடித்து மேடையோடு வைத்து அழுத்தியது. இரண்டு காலும் முழங்காலுக்கு மேலே முறிந்தது. குச்சி முறிகிற சத்தம் வரும் என்பார்கள், அப்படியில்லை, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரிதான் இருந்தது. அனுஷ்கா கத்தியது. என் காது நன்றாக இருக்கிறது, எனக்கு உடனே கேட்டது.

இதுவரைக்கும் விபத்து என்று எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது. நேற்று உங்கள் ரைட்டரும் இதுவரைக்கும்தான் எழுதியிருந்தார். முன்விரோதம் காரணமாக வண்டியை ஏற்றியதாக ஒரே ஒரு தடவை. நடந்தது அப்படி இல்லை, ஆகையால் மீதியைச் சொல்கிறேன்.

வண்டியை நாலடி முன்னால் எடுத்தேன். அவர் விழவில்லை. இரண்டு முழங்கையையும் மேடையில் ஊன்றித் தொங்கிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் கீழே சம்பந்தமில்லாமல் கிடந்தது. ரத்தம் செருப்பை நிறைத்து மண்ணில் இறங்கியது. நான் இறங்கி, ஓடாமல், மேடைப் படி வழியாக ஏறி அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். கிட்டாரைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சுருதிகூடப் பிசகவில்லை. ஒயரை விலக்கினேன், வாரைக் கழற்றினேன். எடுத்துப் போய் வண்டியின் முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுவிட்டேன். பிறகு நான் ஏறினேன். இந்தத் தடவை ஹார்ன் அடிக்கவில்லை, தேவைப்படவில்லை. முழுசாக மிதித்தேன். டாக்டர் அறிக்கையில் இடுப்பெலும்பு நான்கு துண்டு, வயிற்றுக்குள் ரத்தம் என்று இருக்கும். அது இரண்டாவது தடவையில் ஆனது. கண்ணாடியில் அவர் தலை மேடையில் சாய்வதைப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்தேன். ஆக, கருத்தக்கண்ணன் அண்ணனைக் கொன்றது நான்தான். வண்டியோ, தற்செயலோ இல்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதும்போது விட்டுவிடாதீர்கள். அனுஷ்காவும் பார்த்தது, கேட்டுப் பாருங்கள். நான் எதிரில் போய் உட்கார்ந்தபோது அண்ணன் என்னைப் பார்த்தார். வலியில் வாய் கோணியிருந்தது, ஆனால் அடையாளம் தெரிந்தது. கிட்டாரைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத் தன்னைத் தூக்க வருவேன் என்று நினைத்திருப்பார். நான் வாரில் கை வைத்ததும், அது எளிதாகக் கழலட்டும் என்று, அந்த நிலையிலும் ஒரு முழங்கையை எடுத்துக் கையைத் தூக்கிக் கொடுத்தார். தொடாதே என்று சொன்னவர்தான், தொட விட்டார். என்னை வேண்டாம் என்று அவர் மனசார நினைக்கவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும் உங்களுக்கு.